பாப்பாவின் இடது கை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, வேலை இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருக்க வேண்டும். அவளுக்குக் கழுத்துவலி என்றாயே, இப்போது எப்படி?

பத்து மாதம் கழித்து எந்த முகத்தோடு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைக்க வேண்டியதுதான். சாவு வீட்டில் அத்தனை பேர் நடுவே, "நீ வாங்கிக் குடுத்த சாமான்தான்டா என் புள்ளையத் தின்னுச்சு, இனி என் கண்ணுல முழிக்காதே" என்று உன்னைப் பார்த்துக் கத்தியவள் நான். நீ செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனாய். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அதனால் வேறு விஷயம் எழுதுகிறேன்.

எங்கள் எதிர் வீட்டில் ஒரு பாப்பா இருக்கிறாள். ஒன்பது வயது. பேஸ் கிட்டார் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நம் நெட்டை வைத்திருந்தானே, நீ வாங்கிக் கொடுத்தது, நாலு தடித்த கம்பி போட்டது, அதுதான். (நீ நெட்டை நெட்டை என்று கூப்பிட்டே என் மகனுக்கு அது பெயராகிப் போனது.) ஆனால் அவனுடையது போல நீளமானது பாப்பாவுக்கு எட்டாது. குட்டையாக ஒன்று வருகிறதாமே. அதில் விலை குறைந்தது எது, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதினால் அவர்களிடம் சொல்லுவேன். நீ ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாய், இந்தச் சாமான்கள் எல்லாம் உன் கை வழியாகத்தான் போகின்றன. எனக்கு வேறு யாரைத் தெரியும்?

போனில் கேட்டிருக்கலாம். உன் குரல் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அஞ்சாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

பதில் போடாவிட்டாலும் தப்பில்லை.

அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அவளுக்குக் கழுத்துவலி போய்விட்டது, இப்போது அது எனக்கு வந்திருக்கிறது. வீட்டுக்குள்தானே இருக்கிறது என்கிறாள். உங்கள் முழங்காலுக்குப் படியேறுவதைக் குறையுங்கள்.

மற்றதைப் பற்றி நானும் எழுதவில்லை.

கிட்டார் விஷயம். கடையில் "ஷார்ட் ஸ்கேல் பேஸ்" என்று கேட்கச் சொல்லுங்கள். நெட்டையுடைய கிட்டாரில் கம்பியின் நீளம் முப்பத்து நாலு அங்குலம். ஷார்ட் ஸ்கேலில் முப்பது. நாலு அங்குலத்தில் என்ன வந்துவிட்டது என்று தோன்றும், விரலைக் கேட்டால் தெரியும். கம்பி கொஞ்சம் தளர்வாக இருப்பதால் அழுத்தவும் சுலபம். சத்தம் மெத்தென்று வரும். அது குறை இல்லை.

விலை குறைந்த புதுசைவிட, நல்லதாக இருந்து பழசானதே மேல். பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மடியில் வைத்து இடது கையை எடுத்துவிட்டால் தலை தொப்பென்று சாயக்கூடாது. சாய்கிற கிட்டாரைத் தாங்கித் தாங்கியே தோள் போய்விடும். கம்பிகள் ஓடும் கழுத்தின் ஓரத்தை மேலிருந்து கீழே தடவிப் பார்க்க வேண்டும். குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகப் பட்டைகளின் முனை தோலைக் கீறினால் வேண்டாம். இரண்டு பட்டைக்கு நடுவே இருப்பதைக் கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தித் தட்டிக் கேட்க வேண்டும், ஒன்றுகூட விடாமல். கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகள் கரகரத்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அது வெறும் தூசி.

நெட்டையின் கிட்டார் என்ன ஆயிற்று என்று கேட்கலாமா?

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பிரிக்க எனக்கு ஒரு நாள் ஆனது. பிரித்த பிறகு நாலு தரம் படித்தேன். கழுத்துக்கு ஒத்தடம் கொடு, உயரமான தலையணையை எடுத்துப் போடு.

பாப்பாவின் அம்மாவுக்கு ஒழிவில்லை, அதனால் கடைக்கு நானே போனேன். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. செருப்போடு உள்ளே போகலாமா கூடாதா என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். கடைக்காரர், "யாருக்கும்மா?" என்றார். எதிர் வீட்டுப் பாப்பாவுக்கு என்றேன். "அவளைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" "அவளுக்கு ஸ்கூலுங்க." "ஞாயித்துக்கிழமையா?" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

சிவப்பாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, முப்பது அங்குலம்தான் என்றார். நான் எங்கள் ஹோட்டல் சலவைக் கூடத்து அளவு நாடாவைக் கொண்டுபோயிருந்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பிடித்தால் நாற்பத்து மூன்று! "முப்பதுன்னு சொல்லி நாப்பத்து மூணை என் தலையில கட்டப் பாக்கறீங்களே, நான் தினம் நூறு மேசை விரிப்பு அளக்குறவ" என்று சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. யார் பக்கம் தப்பு என்று நீயே சொல்.

நெட்டையின் கிட்டாரை அவன் கூட்டாளிகள் கொண்டுவந்தார்கள். "எடுத்துட்டுப் போங்க, இந்த வீட்டுக்குள்ள வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். கதவைக்கூட முழுசாகத் திறக்கவில்லை. அவன் எப்போதோ கழற்றிப் போட்ட பழைய கம்பி ஒன்றுதான் இங்கே மிச்சம். சமையலறை ஜன்னலில் குறுக்கே கட்டிக் கரித்துணி காயப்போடுகிறேன். அது பாப்பாவுக்கு உதவுமா?

அக்கா


பிப்ரவரி 13

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. உங்கள் கடிதத்தைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, என்ன ஆச்சு என்று பார்த்தாள். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

தப்பு உங்கள் பக்கம்தான். சட்டைக்கு அளவெடுக்கும்போது தலையையும் சேர்த்தா அளப்பார்கள்? கம்பி தலையைத் தாண்டி ஒரு வெள்ளைத் துண்டின் மேல் படிந்து இறங்கும். அங்கே நாடாவை வையுங்கள். அடியில் ஒவ்வொரு கம்பியும் ஒரு குட்டி மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே முடியுங்கள். அந்த இடைவெளிதான் முப்பது. ஆனாலும் அந்தக் கடை வேண்டாம், சிரித்தவர்களிடம் ஏன் வாங்க வேண்டும்? பழைய மேடைச் சாமான் விற்கிற கடையாகப் பாருங்கள்.

பழைய கம்பி உதவாது. குட்டைக் கிட்டாருக்கு அது நீளம், முறுக்கும் இடத்தில் தடித்த பாகம் சுற்றிக்கொண்டு உடையும். கரித்துணியையே தாங்கட்டும். நெட்டை பார்த்திருந்தால் உருண்டு சிரித்திருப்பான்.

ஒரு உதவி. பாப்பாவின் இடது கையை, விரல்களை நன்றாக விரித்து ஒரு தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். கையைப் பார்த்தால் கழுத்து எந்தத் தடிமன் வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் இருவர் உடம்புக்கும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். எனக்குச் சளி. ஈரத்தில் நிற்கிற வேலை, அது அப்படித்தான்.

பாப்பாவின் கையை வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். வயசுக்குக் கொஞ்சம் பெரிய கை. அந்தக் குடும்பமே அப்படி. ஒன்பது என்று எழுதினேனா? பன்னிரண்டுகூட இருக்கும், நான் சரியாகக் கேட்கவில்லை. பென்சில் நழுவிவிட்டது, கோடு கோணலாக இருந்தால் அதனால்தான்.

அடுத்த மாதம் பதினாலு வருகிறது. அவன் போய் ஒரு வருஷம். வருவாயா என்று கேட்டு ஒரு வரி எழுதி, பிறகு அடித்துவிட்டேன். கீழே கறுப்பாக இருப்பது அதுதான்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்கு உடம்பைக் காரணம் சொல்லலாம். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. உங்கள் சளி விட்டதா?

பதினாலாம் தேதி கடை திறக்கவில்லை. அங்கே வர டிக்கெட்டும் எடுத்திருந்தேன். இறங்கி வந்த படியில் மறுபடி எப்படி ஏறுவது என்று யோசித்துக்கொண்டே ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். ரயில் யோசிக்கவில்லை, போய்விட்டது.

பாப்பாவின் கை கிடைத்தது. கடையில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பல தடவை பார்த்துவிட்டேன். நல்ல கை, உழைக்கிற கை. மெல்லிய கழுத்தாகப் பாருங்கள். சுண்டு விரலை நம்பி இருக்க வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். அதன் வேலையை மோதிர விரல் பார்த்துக்கொள்ளும். பெரிய வாசிப்புக்காரர்களே அப்படி வாசிக்கிறார்கள்.

கீழே இருப்பதைக் கிழித்துப் பாப்பாவிடம் கொடுங்கள்.

தம்பி

பாப்பாவுக்கு: முதல் இரண்டு வாரம் விரல் நுனி எரியும், விட்டுவிடாதீர்கள். சோப்புத் தண்ணீரில் ஊறிய கையோடு கம்பியைத் தொடாதீர்கள், தோல் கிழியும். நன்றாகக் காய்ந்த பிறகு தொடுங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்தே வாசிக்கலாம். யாராவது சிரித்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.


ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

சளி போய்விட்டது. நீ ஸ்டேஷன் வரை வந்தது தெரிந்து அன்றைக்கெல்லாம் எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு மேசை விரிப்பைத் தீய்த்துவிட்டேன்.

உன் சீட்டைப் பாப்பாவிடம் கொடுத்தேன். அது என்ன, ஒரு சின்னப் பிள்ளைக்கு நீங்கள் நாங்கள் என்று மரியாதை போட்டு எழுதியிருக்கிறாய்? அவளுக்கு எதற்கு முழங்கால் வலி? உனக்கு வேலை அதிகம், தலை சுற்றுகிறது என்று நினைக்கிறேன்.

கிட்டார் வாங்கியாகிவிட்டது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் பழைய மின்விசிறி, மைக், ஸ்பீக்கர் எல்லாம் குவித்து வைத்த கடை. கடைக்காரர் மூக்கின் நுனியில் கண்ணாடி போட்ட பெரியவர். தேன் நிறத்தில் ஒன்று இருந்தது. நாடாவை நீ சொன்ன இடத்திலிருந்து பிடித்தேன், சரியாக முப்பது. ஓரத்தைத் தடவினேன். விரிப்பு மடிப்பில் நூல் பிசிறு பார்க்கிற விரல் இது, எங்கும் கீறவில்லை. மடியில் வைத்துக் கையை எடுத்தேன். தலை சாயவில்லை, குழந்தை மாதிரி இருந்த இடத்தில் இருந்தது. பிறகு ஒவ்வொரு கட்டமாகத் தட்டினேன். நாலு கம்பி, கம்பிக்கு இருபது கட்டம். பாதியில் அவர், "ஏம்மா, வாங்கப் போறீங்களா, இல்ல எண்ணிட்டுப் போகப் போறீங்களா?" என்றார். "எண்ணிட்டுத்தான் வாங்குவேன்" என்றேன். மூன்றாவது கம்பியில் பதினாலாவது கட்டத்தில் சத்தம் செத்து விழுந்தது. அவரிடம் சொன்னேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவரும் தட்டிப் பார்த்து, "பத்து வருஷமா கடைல கெடக்குது, எனக்கே தெரியாது" என்று விலையைக் குறைத்தார். பாப்பா அவ்வளவு தூரம் போகமாட்டாள்.

ஒரு திருகுக்குத் தலை இல்லை. யாரோ பற்பசை மூடியை மாட்டி வைத்திருக்கிறார்கள். அது பாட்டுக்குத் திரும்புகிறது.

கிளம்பும்போது, "பாப்பாவுக்குன்னீங்க, உங்க மடிக்கு அளவெடுத்த மாதிரியில்ல இருக்கு" என்றார். துணி மூட்டை போலத் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். எங்கள் தெருவில் யாரும் பார்க்கக்கூடாது என்று மேலே ஒரு படுக்கை விரிப்பைச் சுற்றியிருந்தேன்.

பாப்பாவுக்கு ஒரு வாசிப்பு கற்றுக்கொள்ள ஆசை. எங்கேயோ கேட்டாளாம். அவள் பாடிக் காட்டியதை எழுதுகிறேன். தும்... தும் தும்... கொஞ்சம் நிற்கும், பிறகு ஒரு படி ஏறித் தூம் என்று இழுக்கும். நாலு தரம் அப்படி. அஞ்சாவது தரம், ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் கீழே இறங்கிவிடும். அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பாடிக் காட்டுகிறாள். இதற்கு எந்தக் கம்பி, எந்தக் கட்டம்?

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். கிட்டாரை நீங்கள் வாங்கிய கதையை அவளிடம் படித்துக் காட்டினேன். "அண்ணியை நம்ம கடைக்குக் கூப்பிட்டுக்குங்க, உங்களைவிட நல்லா பாக்குறாங்க" என்கிறாள். கற்றுக்கொள்கிறவர்களுக்கு மரியாதை கொடுப்பது என் பழக்கம். வயசு பார்ப்பதில்லை.

பாப்பா கேட்ட வாசிப்பு: தடித்த கம்பிக்கு அடுத்த கம்பியில் மூன்றாம் கட்டம், அதுதான் தும். தும் தும் அதே இடத்தில். ஏறும் தூம், அதே கம்பியில் ஐந்தாம் கட்டம். அஞ்சாவது தரம் அங்கே போகாமல், தடித்த கம்பியில் மூன்றாம் கட்டத்துக்கு வர வேண்டும். அவசரப்படாமல்.

இது எனக்குத் தெரிந்த வாசிப்பு, அக்கா. நெட்டை தானாகக் கட்டியது. போன வருஷம் பிப்ரவரியில் போனிலேயே வாசித்துக் காட்டி, "மாமா, எல்லாரும் நான் ஏறப் போறேன்னு காத்திருப்பாங்க, நான் எறங்கிடுவேன்" என்று சிரித்தான். மேடையில் அவர்கள் அதை ஒரே ஒரு நாள்தான் வாசித்தார்கள். உங்கள் ஹோட்டல் மண்டபத்தில், கடைசி நாள். அன்று உங்களுக்கு லீவு, நிகழ்ச்சி இருந்ததே தெரியாது என்று எல்லோரிடமும் சொன்னீர்கள்.

பாப்பா இதை எங்கே கேட்டாள்?

புதுக் கம்பி ஒரு செட் அனுப்பியிருக்கிறேன், முப்பது அங்குலத்துக்கு உரியது.

தம்பி


ஜூன் 2

தம்பி,

இந்த முறை சுகம் கேட்கவில்லை. கேட்க ஆரம்பித்தால் அதிலேயே பக்கம் நிறைந்துவிடும், நான் தப்பித்துக்கொள்வேன். ஆறு வாரமாக அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

பாப்பா இல்லை. எதிர் வீடு இரண்டு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அந்தக் கை என்னுடையது. அம்பத்து மூணு வயசில், கிட்டார் வேண்டும் என்று எப்படி எழுதுவேன்? அதுவும் அவனை ஏசிய இந்த வாயை வைத்துக்கொண்டு. அவன் வீட்டில் வாசிக்கும்போதெல்லாம் கரண்டியால் சுவரில் தட்டுவேன். "தவளை கத்துற மாதிரி என்னடா இது, பாட்டுன்னா ஒரு ராகம் வேணாமா?" அவன் சிரித்துக்கொண்டே சத்தத்தைக் குறைப்பான்.

அன்று எனக்கு லீவு இல்லை. வேலையில்தான் இருந்தேன்.

எங்கள் சலவைக் கூடம் அந்த மண்டபத்துக்கு நேர் கீழே. ஜன்னல் கிடையாது. துணி தேய்க்கிற ரோலர் இயந்திரத்தில் விரிப்பு விட்டுக்கொண்டிருந்தேன், மறுமுனையில் சூப்பர்வைசர் அம்மா பிடித்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. நெட்டை நிற்கிறான். தோளில் கிட்டார், பூப்போட்ட சட்டை, தோள் வரை முடி. பின்னால் கூட்டாளிகள் இரண்டு பேர். அம்மாவைக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்திருக்கிறான். பின்படி வழியாக வந்து கதவோரம் நின்று ஒரு பாட்டு கேள் என்று ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தான். அங்கே வேலை செய்கிற இத்தனை வருஷமாக நான் ஒரு பொய்யைக் காத்து வந்தேன். என் மகன் ஆபீஸில் கணக்கு எழுதுகிறான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். கழுத்தில் டை கட்டுவான் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.

சூப்பர்வைசர் அம்மா, "யாரு இவங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "தெரியலைங்க. வழி தப்பி வந்துட்டாங்க போல."

அவன் என் முகத்தைப் பார்த்தான். ஒரு கண் இமைக்கிற நேரம்தான். பிறகு அவரைப் பார்த்து, "ஆமாங்க, தெரியாம வந்துட்டோம், மன்னிச்சுக்குங்க" என்றான். கதவை அடிக்காமல், சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான். அந்தக் கூட்டாளிகள் கிட்டாரோடு வீட்டுக்கு வந்தபோது நான் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா?

கொஞ்ச நேரத்தில் மேலே ஆரம்பித்தார்கள். பாடுகிறவர் குரல் கீழே வரவில்லை. கைதட்டல்கூட வரவில்லை. அவ்வளவு காங்கிரீட்டையும் தாண்டி அவன் மட்டும் வந்தான். ரோலர் மேசையில் வைத்த கையில் வந்தான், தும் தும் என்று. அத்தனை நாள் தவளை என்றேனே, அன்றைக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது. பின்படி பதினெட்டு. ஏறிப் போயிருந்தால் ஒரு நிமிஷம். நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் என்ன சொல்லி அவனைச் சமாதானப்படுத்தலாம் என்று யோசித்துக்கொண்டே மடித்தேன். அவன் வீட்டுக்கு வரவில்லை. விளக்குப் போடாமல் நின்ற லாரி. மற்றது உனக்குத் தெரியும்.

சாவு வீட்டில் யாராவது எழுந்து என்னைக் காட்டி இவள்தான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். அதற்குள் உன்னைக் காட்டிவிட்டேன்.

அவன் வாசித்ததை ஒரு தரம் என் கையால் வாசித்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன், இன்னும் சத்தம் வர மீட்டவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ எழுதாவிட்டால் எனக்குப் புரியும்.

அக்கா


ஜூன் 11

அக்கா,

நானும் சுகம் கேட்கவில்லை. உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

கை உங்களுடையது என்று பிப்ரவரியிலேயே தெரியும். சுண்டு விரல் உள்ளே வளைந்திருக்கிறது. எனக்கு நாலு வயசு, இரும்புப் பெட்டியின் மூடியை உங்கள் விரல் மேல் போட்டேன். அப்பா கேட்டபோது, "நானேதான் மூடிக்கிட்டேன்" என்றீர்கள். கவனம் கெட்டவள் என்று அதற்கு அடியும் வாங்கினீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. அந்தத் தாளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் உங்களுக்கு எழுத முடியாமல் இருந்தது அதனால்தான்.

நீங்கள் செய்தது தப்பில்லை என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. தப்புதான் அக்கா. அவனுக்கு வலித்திருக்கும்.

ஆனால் என்னிடமும் ஒன்று இருக்கிறது. அன்று மேடை ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நெட்டை எனக்குப் போன் செய்தான். கீழே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை மட்டும் சொன்னான்: "அம்மாவுக்கு மேல வர முடியாது மாமா, கீழ வேலைல இருக்காங்க. அதான் என் சத்தத்தை மட்டும் கொஞ்சம் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கேன். தரை வழியா எறங்கிடும்ல?" இறங்கும்டா என்றேன்.

மறுநாள் நீங்கள் லீவு என்று சொன்னபோதே பொய் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் நடுவே உங்களைப் பொய்யாக்க மனம் வரவில்லை. அங்கே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் வாய் தவறிவிடும் என்றுதான் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினேன். சொல்லியிருக்க வேண்டும். அவன் உங்களுக்காகச் சொன்ன வார்த்தையை ஒரு வருஷத்துக்கு மேல் நான் வைத்துக்கொண்டிருந்தேன்.

கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதீர்கள். கழுத்து வளையும்.

தம்பி


ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் அதன் குணத்தைக் காட்டுகிறது. உன் கழுத்தும் என் கிட்டாரின் கழுத்தும் நேராக இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரியை மிகவும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அஞ்சாம் நாள் போய், ரோலரில் விரிப்பு விடும்போது சொன்னேன். "அன்னிக்கு கிட்டாரோட ஒருத்தன் வந்தானே, வழி தப்பினவன்னு சொன்னேனே. அவன் என் பையன்." சூப்பர்வைசர் அம்மா விரிப்பை விடவில்லை. "தெரியும்டி. மூக்கைப் பாத்தாலே தெரியாதா? நீயா சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார். நான் என் பக்கத்து விரிப்பை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டேன். "அழறதுன்னா ஓரமா நின்னு அழு, இந்தப் பக்கம் துணி கருகுது" என்றார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரும் வந்து பக்கத்தில் நின்றார்.

வெட்கம் போகவில்லை. போக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

கிட்டாரைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வேலை விட்டு வந்து, கை காய்ந்த பிறகு, நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம். சின்ன ஸ்பீக்கர் ஒன்று, கிட்டார் விற்ற அந்தக் கண்ணாடிப் பெரியவர் கொடுத்தார். தும் வருகிறது, தும் தும் வருகிறது, ஏறுவதும் வருகிறது. இறங்குகிற இடத்தில் விரல் தடுமாறுகிறது. அவன் எப்படித்தான் அவ்வளவு நிதானமாக இறங்கினானோ.

நேற்று வாசித்துக்கொண்டிருக்கும்போது கீழ் வீட்டம்மா துடைப்பக் கட்டையால் தட்டினார். நான் எத்தனை முறை சுவரில் தட்டியிருக்கிறேன். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"மேல யாருங்க வாசிக்கறது, வீட்டுல பசங்க யாராவது வந்திருக்காங்களா?" என்றார்.

எதிர் வீட்டுப் பாப்பா நாக்கு நுனி வரை வந்தாள். விழுங்கிவிட்டேன்.

"நான்தாங்க. என் மகன் வாசிச்சது. அவன் இல்ல இப்போ. நான் வாசிச்சுப் பாக்கறேன்."

அவர் துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "கோவப்பட்டுத் தட்டலைங்க. டிவி சத்தம், மிக்ஸி சத்தம் எல்லாத்தையும் தாண்டி இது ஒண்ணுதான் கீழ எறங்கி வருது. நாலு தரம் சரியா போய்ட்டு அஞ்சாவது தரம் தினம் ஒரே எடத்துல விட்டுடறீங்க. எனக்கு அடுப்படில கை ஓட மாட்டேங்குது. அதைச் சரியா வாசிங்களேன்னுதான் தட்டினேன்" என்றார்.

எங்கள் வீட்டுப் படி பன்னிரண்டுதான் தம்பி. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறி வா. அந்த இறக்கத்தை நீ பக்கத்தில் இருந்து சொல்லித் தர வேண்டும்.

அக்கா